‘சாப்பிடுங்கள்’ என்ற சொல்லுக்குக் கழித்தல் 132 மதிப்பெண்

இன்சுலின் ஊசியைத் தாமே போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகளுக்காக 32 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதித் தரும்படி ஒரு தொண்டு நிறுவனம் என்னைக் கேட்டது. பதினோரு ஆண்டுகளாக மொழிபெயர்த்தும் எழுதியும் பிழைப்பவள் என்பதால், அது ஆறு வாரத்தில் முடிந்துவிடும் வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். பேசிய தொகை 40,000 ரூபாய், முன்பணம் 15,000. ஆறு வாரம் ஏழு மாதமாக நீண்டது. கைக்காசு 6,400 ரூபாய் செலவாயிற்று. மீதித் தொகையில் பெரும்பகுதி வரவேயில்லை. நோயாளிகளுக்காகவோ விவசாயிகளுக்காகவோ வங்கி வாடிக்கையாளர்களுக்காகவோ தமிழில் எழுதுகிறவர்கள் இந்தக் குழியில் விழ நிறைய வாய்ப்பு இருக்கிறது. எனக்கு முன்னால் விழுந்தவர் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பியிருப்பேன் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சிக்கல் ஒப்பந்தத்தின் ஆறாவது பத்தியில் இருந்தது. ‘உரையின் வாசிப்பு எளிமைக் குறியீடு 60-க்குக் குறையாமல் இருத்தல் வேண்டும்’ என்று அதில் ஒரு வரி. நிறுவனத்துக்குப் பணம் தரும் வெளிநாட்டு அமைப்பின் ஆங்கில மாதிரிப் படிவத்திலிருந்து அந்த வரி அப்படியே இறங்கியிருந்தது. எந்தச் சூத்திரப்படி 60, அதைத் தமிழுக்கு யார் அளப்பது, எந்தக் கருவியால் அளப்பது என்ற மூன்று கேள்விகளில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. கேட்டால் விஷயம் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான் காரணம். உங்கள் ஒப்பந்தத்தில் இப்படி ஓர் எண் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். நான் அன்று கேட்டிருந்தால், அவர்களுக்கும் விடை தெரியாது என்பது அன்றே தெரிந்திருக்கும்.

முதல் வரைவை முடித்ததும், உரையை ஒட்டினால் மதிப்பெண் தரும் இலவசக் கருவி ஒன்றை இணையத்தில் தேடிப் பிடித்தேன். அது காட்டிய எண் 103.97. அறுபது கேட்ட இடத்தில் நூற்றுநான்கு என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சியாக இருக்காது? ஆனாலும் எனக்கு ஆசை அடங்கவில்லை. நீண்ட வாக்கியங்களை வெட்டினால் எண் ஏறுவதைக் கண்டுகொண்டு, சராசரியாக வாக்கியத்துக்கு 18 சொற்கள் இருந்த உரையை 9 சொற்களாகச் சுருக்கும் வேலையில் மூன்று வாரம் உட்கார்ந்தேன். எண் 113.1 ஆயிற்று. அந்தத் திரையைப் படம்பிடித்து, கையெழுத்துப் படியோடு இணைத்து அனுப்பிவைத்த பெருமிதத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. அந்தப் படத்தை நம்பி நிறுவனம் கையேட்டை 2,000 பிரதிகள் அச்சிட்டது. அவர்களுக்கு ஆன செலவு 46,000 ரூபாய்.

அச்சாகி வந்த பத்தாம் நாள் ஒரு கிராமத்து மருத்துவ முகாமில் கையேட்டை விநியோகித்தபோது, என்னையும் வரச் சொன்னார்கள். அறுபது வயதை ஒட்டிய விவசாயி ஒருவர் ஒன்பதாம் பக்கத்தைத் தடங்கலின்றி உரக்க வாசித்துக் காட்டினார். குரலில் ஒரு திணறலும் இல்லை. நானும் நர்சும் புன்னகையோடு நின்றோம். பிறகு நர்சு ஒரு மருந்து பாட்டிலையும் ஊசி மாட்டாத இரண்டு சிரிஞ்சுகளையும் மேசையில் வைத்து, ‘இதுக்கு எதை எடுப்பீங்க ஐயா?’ என்று கேட்டார். நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் கொண்ட பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு; 100 யூனிட் கொண்டதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. மேசையில் இருந்தது 40 யூனிட் பாட்டில். பெரியவர் ஆரஞ்சை எடுத்தார். அதில் அவர் 20 என்ற கோடுவரை மருந்தை இழுத்திருந்தால் உடலுக்குள் போவது வெறும் 8 யூனிட்தான். இதே தவறு மறுதலையாக நடந்திருந்தால், அதாவது 100 யூனிட் பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்திருந்தால், 50 யூனிட் போயிருக்கும். சர்க்கரை அடியோடு இறங்கி ஆள் மயங்கிவிடக்கூடிய அளவு அது.

அவர் வாசித்த வரி இதுதான்: ‘குப்பியின் செறிவு கவனிக்கப்பட வேண்டும். இணையான ஊசிக்குழல் பயன்படுத்தப்பட வேண்டும்.’ இரண்டே சிறு வாக்கியங்கள். செறிவு என்று நான் எழுதியது ஒரு மில்லி லிட்டரில் எத்தனை யூனிட் என்பதைத்தான். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டதற்கு, ‘நெறைய இருக்கானு பாக்கணும்’ என்றார் அவர். பாட்டில் நிறைய மருந்து இருந்தது. ஆகவே அவர் கணக்கில் அவர் சரியாகவே செய்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘ஏம்மா, இது எங்களுக்கு எழுதினதா, டாக்டருக்கு எழுதினதா?’ என்று என்னிடமே கேட்டார். எழுதியவள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

அடுத்த வாரம் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. கையேட்டைத் திரும்பப் பெறுகிறோம், மீதி 25,000 ரூபாயை நிறுத்திவைத்திருக்கிறோம், மறுபதிப்புச் செலவில் ஒரு பங்கை நீங்கள் ஏற்க வேண்டும் என்று அதில் இருந்தது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவர்கள் கேட்ட எண்ணுக்கு மேலேயே நான் கொடுத்திருந்தேனே. இரண்டு நாள் கழித்துக் கோபம் போய் வெட்கம் வந்தது. பிழைப்பே எழுத்தாக இருக்கும் ஒருத்தி எழுதியதை ஒருவர் பிழையின்றி வாசித்தும், செய்யக்கூடாததைச் செய்கிறார் என்றால், இந்தப் பதினோரு ஆண்டுகளும் நான் எழுதியவற்றை யார் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்ற கேள்வி இரவில் தூங்கவிடவில்லை. இதைப் பற்றிப் பேசவும் ஆளில்லை. உடன் தொழில் செய்பவர்களிடம் சொன்னால் அடுத்த வேலை கிடைக்காமல் போய்விடும் என்று பயந்தேன்.

அந்தக் கருவி என்னதான் அளந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மறுபடியும் பேனாவை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு சங்கப் பாடலின் நான்கு அடிகளை, பதினாறு சொற்கள், கருவியில் ஒட்டினேன், 106 வந்தது. மூன்றாம் வகுப்புக் கதை ஒன்றிலிருந்து பதினாறு சொல் கொண்ட ஒரு வாக்கியத்தை ஒட்டினேன், அதற்கும் 106. கடைசியில் ‘க’ என்ற எழுத்தைப் பதினாறு முறை இடம்விட்டுத் தட்டி முற்றுப்புள்ளி வைத்தேன். அதற்கும் 106. நடுநிசியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்புக்குள் மூன்று வார உழைப்பு இருந்தது.

காரணம் எளிமையானது. அந்தக் கருவி பயன்படுத்துவது, வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ருடால்ஃப் ஃப்ளெஷ் 1948-இல் வெளியிட்ட சூத்திரம். 206.835 என்ற எண்ணிலிருந்து, ஒரு வாக்கியத்தின் சராசரிச் சொற்களை 1.015-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பிறகு ஒரு சொல்லின் சராசரி அசைகளை 84.6-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். நூறுக்கு அருகில் வந்தால் மிக எளிது, 60 முதல் 70 வரை சாதாரண நடை, 30-க்குக் கீழே மிகக் கடினம். இங்கே அசை என்பது யாப்பிலக்கணத்து நேரசை நிரையசை இல்லை, ஓர் உயிரொலிக்கு ஒன்று என்ற ஆங்கிலக் கணக்கு. கருவி அந்த அசையை எண்ணுவதற்கு ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஆங்கில உயிரெழுத்துகளைத் தேடுகிறது. தமிழ்ச் சொல்லில் அவை ஒன்றும் அகப்படாததால், குறைந்தபட்சம் ஒன்று என்று எல்லாச் சொல்லுக்கும் ஓர் அசையைப் போட்டுக்கொள்கிறது. ஆக, தமிழில் அந்தக் கருவி பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு முற்றுப்புள்ளிகளுக்கு இடையில் எத்தனை இடைவெளிகள் இருக்கின்றன. ‘மி.லி.’ என்று எழுதினால் அதையும் இரண்டு வாக்கியமாக எண்ணி எனக்கு மதிப்பெண்ணைக் கூட்டித் தந்திருக்கிறது.

சரி, அசைகளை நானே எண்ணினால் சூத்திரம் பயன்படுமா என்று பார்த்தேன். தமிழில் அசையை எண்ணுவது ஆங்கிலத்தைவிட எளிது. மெய்யெழுத்துகளை விட்டுவிட்டு உயிரையும் உயிர்மெய்யையும் எண்ணினால் போதும். ‘சாப்பிடுங்கள்’ என்பதில் சா, பி, டு, க என நான்கு. இந்த ஒரு சொல்லையே ஒரு வாக்கியமாக வைத்துக் கணக்கிட்டால் வருவது கழித்தல் 132.58. இரண்டு வயதுக் குழந்தைக்கும் புரியும் சொல், சூத்திரத்தின்படி யாராலும் வாசிக்க முடியாத சொல். ‘போங்கள்’ என்பதற்கு 36.62, அதாவது கல்லூரி மாணவருக்குரிய கடினம். நான் வெட்டிச் சுருக்கிய கையேட்டில் நூறு சொற்களை எடுத்து எண்ணியபோது 352 அசைகள் இருந்தன. கணக்குப் போட்டால் ஏறத்தாழ கழித்தல் 100. வாக்கியத்துக்கு ஐந்தே சொற்கள் என்று வைத்துக்கொண்டாலும், 60-ஐ எட்ட ஒரு சொல்லுக்குச் சராசரியாக 1.68 அசைதான் இருக்கலாம். காலம், இடம், எண், மரியாதை எல்லாவற்றையும் விகுதியாகச் சொல்லின் வாலிலேயே கட்டித் தொங்கவிடும் மொழியில் அது நடக்கிற காரியமில்லை.

இதைவிட வேடிக்கை சொற்பிரிப்பு. ‘போட்டுக்கொள்ளவேண்டும்’ என்று சேர்த்து எழுதினால் அது ஆறு அசை கொண்ட ஒரே சொல். மதிப்பெண் கழித்தல் 301.78. ‘போட்டுக் கொள்ள வேண்டும்’ என்று பிரித்தால் இரண்டிரண்டு அசை கொண்ட மூன்று சொற்கள், மதிப்பெண் 34.59. ஓர் எழுத்துகூட மாறவில்லை. இடைவெளிப் பட்டையை இரண்டு முறை அழுத்தியதில் 336 புள்ளிகள். பிற சூத்திரங்களையும் பார்த்தேன். ராபர்ட் கன்னிங் 1952-இல் தந்ததும் ஹாரி மெக்லாஃப்லின் 1969-இல் தந்ததும் மூன்று அசையும் அதற்கு மேலும் உள்ள சொற்களைக் கடினச் சொல்லாகக் கொள்கின்றன. அந்தக் கணக்கில் நம் அப்பளம் கடினச் சொல். மறுபக்கம், இரண்டே அசை கொண்ட ‘திசு’ எளிய சொல்லாகிவிடும்; முகாமில் அந்தச் சொல் ஒருவருக்கும் புரியவில்லை. 1975-இல் பீட்டர் கின்கெயிடும் பிறரும் அமெரிக்கக் கடற்படைக்காக, அதன் பயிற்சி நூல்களை மனத்தில் வைத்து, ஃப்ளெஷ் சூத்திரத்தை வகுப்பு நிலையாக மாற்றினார்கள். அது அவர்களுக்குப் பயன்பட்டிருக்கும். கடற்படை மாலுமிக்குத் தைத்த சட்டையை நம் ஊர்ப் பெரியவருக்குப் போட்டுப் பார்த்தது என் பிழை.

அத்தோடு, வாக்கியத்தை வெட்டியதால் நான் செய்த கேடும் அப்போதுதான் கண்ணில் பட்டது. முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: ‘சாப்பாடு தாமதமானால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும் என்பதால், சாப்பாடு தயாராக இருக்கும்போதுதான் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.’ வெட்டிய பிறகு: ‘சாப்பாடு தாமதமாகலாம். சர்க்கரை இறங்கும். சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.’ ‘என்பதால்’ போயிற்று, ‘போதுதான்’ போயிற்று. நான்கு கற்கள் தனித்தனியாகக் கிடக்கின்றன. இதை வாசித்த ஒரு பெண், ‘சர்க்கரை இறங்கும்னா நல்லதுதானே’ என்றார். ஆண்டுக்கணக்காக மருத்துவர்கள் சர்க்கரையை இறக்கச் சொல்லிச் சொல்லியே பழகிய காதுக்கு ‘இறங்கும்’ என்பது நற்செய்தி. நன்னூல் சொல்லும் பத்து அழகில் ‘சுருங்கச் சொல்லல்’ முதலில் வருகிறது, அதற்கு அடுத்தபடி ‘விளங்க வைத்தல்’. பத்துக் குற்றங்களில் முதலாவது ‘குன்றக் கூறல்’. பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள்தான் நான். சுருக்குவதற்கும் குன்றுவதற்கும் நடுவில் உள்ள கோட்டைத் தாண்டியது தெரியாமலே தாண்டியிருந்தேன்.

பிறகு மறுபடி எழுதத் தொடங்கியபோது, தமிழுக்கென எனக்குப் பயன்படும் சில எண்ணிக்கைகளை நானே வைத்துக்கொண்டேன். இவை சூத்திரமில்லை, பாலைக் காய்ச்சும்போது அடுப்பில் ஒரு கண் வைத்திருப்பது போன்ற எச்சரிக்கை மட்டுமே. வாக்கியத்தின் நீளத்தைவிட அதில் எத்தனை பெயரெச்சம் அடுக்கியிருக்கிறது என்று பார்க்கிறேன். ‘கையைக் கழுவி, பாட்டிலை உருட்டி, மூடியைத் துடைத்து, மருந்தை இழுங்கள்’ என்பதில் மூன்று வினையெச்சங்கள் இருந்தாலும் வேலை நடக்கும் வரிசையிலேயே வாக்கியமும் நடப்பதால் யாரும் இடறவில்லை. ‘மருத்துவர் பரிந்துரைத்த அளவைக் குறிக்கும் கோட்டை எட்டிய மருந்தைக் கொண்ட சிரிஞ்சு’ என்பதில் நான்கு பெயரெச்சங்கள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறியிருக்கின்றன. கடைசிச் சொல் வரும்வரை எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே வாசிப்பவருக்குத் தெரியாது. ஒன்றுக்கு மேல் பெயரெச்சம் அடுக்கினால் அந்த வாக்கியத்தைப் பிரிக்கிறேன். அதேபோல, ‘படுதல்’ சேர்ந்த வினைகளையும் தொழிற்பெயர்களையும் வட்டமிடுகிறேன். ‘செலுத்தப்பட வேண்டும்’ என்றால் யார் செலுத்துவது? வாசிப்பவர் நர்சு செலுத்துவார் என்று எண்ணிக்கொள்ள எல்லா நியாயமும் உண்டு. ‘போடுங்கள்’ என்றால் வேலை அவர் கைக்கு வந்துவிடுகிறது.

இரட்டை மறுப்பு இன்னும் ஆபத்தானது. ‘உணவு உண்ணாமல் இன்சுலின் செலுத்துதல் தவிர்க்கப்பட வேண்டும்’ என்ற என் வரியைப் படித்த இருவர், இன்சுலினைத் தவிர்க்க வேண்டும் என்று புரிந்துகொண்டிருந்தார்கள். மருந்தையே நிறுத்தச் சொல்லும் வரியாக அது மாறியிருக்கிறது. மறுப்புச் சொற்கள் ஒரு வாக்கியத்தில் இரண்டு வந்தால், ஒன்றையாவது உடன்பாடாக மாற்றிவிடுங்கள். அந்த வரி இப்போது ‘சாப்பாட்டைத் தயாராக வைத்துக்கொண்டு ஊசி போடுங்கள்’ என்றிருக்கிறது. சொல் தேர்விலும் வீம்பை விட வேண்டியிருந்தது. தூய தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு, அதில் எனக்கு வெட்கமும் இல்லை. ஆனால் ‘குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதி’ என்று எழுதியபோது, மருந்தை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது என்ற செய்தி போய்ச் சேரவில்லை. இன்சுலின் உறைந்துவிட்டால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்; 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் கீழ்த்தட்டில்தான் திறக்காத பாட்டில் இருக்க வேண்டும். இப்போது அந்தப் பக்கத்தில் ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் என்றே இருக்கிறது. ‘நீரிழிவு’ பலருக்குத் தெரிந்திருந்தது. ‘தாழ்சர்க்கரை நிலை’ யாருக்கும் தெரியவில்லை. ‘லோ சுகர்’ என்றதும் கையும் காலும் நடுங்கியதை, வியர்த்துக் கொட்டியதை, தெருவில் உட்கார்ந்துவிட்டதை எல்லாம் அவர்களே எனக்குச் சொன்னார்கள்.

இவையெல்லாம் தெரிந்தது வாசகர் பக்கத்தில் போய் உட்கார்ந்ததால். அதிலும் முதல் முயற்சி தோல்விதான். வில்சன் டெய்லர் என்பவர் 1953-இல் அறிமுகப்படுத்திய ஒரு முறை இருக்கிறது. உரையில் ஐந்து சொல்லுக்கு ஒரு சொல்லை அழித்துவிட்டு, வாசிப்பவரை அந்த இடங்களை நிரப்பச் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் சரியாக நிரப்பினால் உரை ஓரளவு கைக்குள் வந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆங்கிலத்தில் அழித்த சொல்லே அப்படியே வர வேண்டும் என்று திருத்துவது வழக்கம். தமிழில் ‘ஊசியை’ என்ற இடத்தில் ஒருவர் ‘ஊசிய’ என்றோ ‘ஊசி’ என்றோ எழுதினால் தவறு என்று போட முடியுமா? வேர்ச்சொல் சரியென்றால் சரி என்று வைத்துக்கொண்டேன். ஆனால் உண்மையான தடை வேறு. தாளும் பேனாவும் கையில் கொடுத்தவுடனே முகாமில் இருந்தவர்கள் பரீட்சை எழுத வந்த பிள்ளைகளைப் போல ஆகிவிட்டார்கள். ஒரு பெரியவர், ‘நான் கண்ணாடி எடுத்துட்டு வரல’ என்று எழுந்து போனார். கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. எழுத்துப் பழக்கம் உள்ளவர்களிடம், வங்கிப் படிவம் போன்றவற்றுக்கு, இந்த முறை நன்றாகவே வேலை செய்யும் என்று பிற்பாடு வேறொரு வேலையில் கண்டேன். கையேட்டுக்கு அது ஒத்துவரவில்லை.

அதன்பின் கேள்வியையே மாற்றினேன். பாட்டில், சிரிஞ்சு, ஊசி போட்டுப் பழகுவதற்கு ஓர் ஆரஞ்சுப் பழம் ஆகியவற்றை மேசையில் வைத்து, ‘இந்தப் பக்கத்துல சொன்ன மாதிரி செஞ்சு காட்டுங்க, எங்கயாவது தடுமாறினா தப்பு எழுதினவங்க மேல, உங்க மேல இல்ல’ என்று சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடுவதுதான் கடினம். அவர் தவறான சிரிஞ்சை நோக்கிக் கையை நீட்டும்போது ‘அது இல்லை’ என்று நாக்கு நுனிவரை வரும். சொல்லிவிட்டால் அந்தச் சோதனை வீண். ‘புரியுதா?’ என்ற கேள்வியை ஒருபோதும் கேட்காதீர்கள். நம் ஊரில் அதற்கு ஒரே விடைதான் உண்டு. படித்தவர்களை மனம் நோகச் செய்யக் கூடாது என்ற நாகரிகத்தில் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். கூட வந்த மகனோ மருமகளோ முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவதும் உண்டு. அவர்களை டீ வாங்கி வர அனுப்பிவிட்டுத்தான் தொடங்குவேன். ஒரு சுற்றுக்கு ஆறு பேர் போதுமானதாக இருந்தது, ஏனென்றால் நான்காவது ஆளிலிருந்து அதே இடங்களிலேயே தடுக்கினார்கள். மூன்று சுற்றில் பதினெட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் அரைநாள் கூலிக்கு ஈடாக 200 ரூபாய் கொடுத்தேன். மீதி 2,800 ரூபாய் பேருந்துக்கும் சிரிஞ்சுக்கும் நகலெடுப்புக்கும் போயிற்று.

ஒன்பதாம் பக்கம் நான்கு முறை மாறியது. இறுதியில் நின்றது இது: ‘பாட்டிலில் 40 என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு எடுங்கள். 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு எடுங்கள். மாற்றி எடுத்தால் மருந்தின் அளவு தவறிவிடும்.’ பக்கத்தில் இரண்டு பாட்டில், இரண்டு சிரிஞ்சு, வண்ணப் படம். கடைசிச் சுற்றில் ஆறு பேரும் சரியாக எடுத்தார்கள். கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்ட வேண்டும் என்ற இடத்தில் மட்டும் என் சாமர்த்தியம் என்னைக் கவிழ்த்தது. ‘சப்பாத்தி மாவை உருட்டுவது போல’ என்று உவமை சேர்த்தேன். ஓர் அம்மாள் பாட்டிலை மேசையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கத் தொடங்கினார். உவமையை எடுத்துவிட்டுப் படத்தை வைத்தேன்.

அச்சமைப்பும் வாசிப்பில் பாதி என்பதை அதுவரை நான் மதித்ததில்லை. முதல் பதிப்பில் இரு ஓரமும் நேராக நிற்பதற்காக அச்சமைப்பாளர் சொற்களை வரி இறுதியில் உடைத்திருந்தார். தமிழில் உடைத்த இடத்தில் கோடு போடும் வழக்கமும் இல்லாததால், ‘போடக்’ ஒரு வரியிலும் ‘கூடாது’ அடுத்த வரியிலுமாக நின்றது. மெதுவாக வாசிப்பவர் ஒருவர் ‘போட’ என்ற இடத்திலேயே நிறுத்திவிட்டார். மறுபதிப்பில் வலது ஓரத்தை நேராக்காமல் விட்டு, எழுத்தை 10 புள்ளியிலிருந்து 14-ஆக்கி, செய்யக்கூடாதவற்றை ஒரே வரிக்குள் அடக்கினோம். பக்கங்கள் 32-லிருந்து 40 ஆயின. அச்சுச் செலவு ஏறியது. அதற்காக நிறுவனத்தோடு வாதாடியதில் மேலும் இரண்டு வாரம் போயிற்று.

கணக்கை முடித்தபோது, நிறுத்திவைத்த 25,000-இல் மறுபதிப்புக்கு என் பங்கு 18,000 என்று கழித்துக்கொண்டு 7,000 கொடுத்தார்கள். முன்பணத்தையும் சேர்த்து வந்த 22,000-இலிருந்து என் கைச்செலவைக் கழித்தால், ஏழு மாத உழைப்புக்கு 15,600 ரூபாய். இப்போது விலை சொல்லும்போதே வாசகர் சோதனைக்கெனத் தனித் தொகையைப் போட்டுவிடுகிறேன்: இரண்டு சுற்று, சுற்றுக்கு ஆறு பேர், அவர்களுக்கான கூலி, என் பயணம், திருத்தி எழுதும் நாட்கள். எண் கேட்கும் ஒப்பந்தமாக இருந்தால் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, ‘ஆறு வாசகரில் ஐந்து பேர் உதவியின்றிச் சரியாகச் செய்து காட்ட வேண்டும்’ என்று எழுதச் சொல்கிறேன். எதைச் செய்து காட்ட வேண்டும் என்பதையும் அங்கேயே குறித்துவிடுகிறேன். சென்ற மாதம் ஒருவர் எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டு, அந்தச் சோதனைத் தொகையை மட்டும் எடுத்துவிட்டால் உடனே கையெழுத்திடலாம் என்றார். நான் எடுக்கவில்லை. அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.